முழுக்கைச் சட்டைகளின் கோடை

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் பேப்பர் வாங்குகிறவன் அல்ல. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பேப்பரோடு உட்கார்ந்திருக்கும் நல்லவர் ஒருவரின் தோளுக்குப் பின்னால் இடம் பிடித்து நின்றுகொண்டு, குரோம்பேட்டைக்குள் தலைப்புச் செய்தி, மீனம்பாக்கத்துக்குள் சினிமா விளம்பரம் என்று முடித்துக்கொள்கிறவன். பத்திரிகையில் எழுதிச் சம்பாதிக்கிற மனுஷன் செய்கிற காரியமா இது என்று என் மனைவி கேட்பாள். எழுதுகிறவனுக்குத்தானே தெரியும், அதையெல்லாம் காசு கொடுத்து வாங்கக் கூடாது என்று.

சென்ற வாரமும் அப்படித்தான் ஒருவர் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவர் பக்கத்தைத் திருப்பினார். திரும்புகிற பக்கத்தின் மூலையில், கட்டைவிரல் அளவுப் படத்தில், எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு முறைப்பு. என்னை அறியாமல் கையை நீட்டிப் பக்கத்தைப் பிடித்துவிட்டேன். பேப்பர் கிழிந்தது.

"இன்னா சார் இது, ஓசில படிக்கிறதே பெருசு, இழுக்க வேற செய்றீங்க?" என்றார் அவர். பெட்டியே சிரித்தது.

நான் கிழிந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். செல்வி ரோஸ்லின் ஞானமணி, ஓய்வுபெற்ற ஹெல்த் விசிட்டர், கிழக்குத் தாம்பரம், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். "எங்க சிஸ்டர் சார்" என்றேன். அந்த மனிதர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். நான் உட்காரவில்லை. பல்லாவரத்தில் இறங்கி எதிர்ப்பக்க வண்டியைப் பிடித்தேன்.

அந்த அம்மாளின் ஊசியைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பொய் எழுதின பத்திரிகைகளுக்கு, அவர் செத்துப்போனதை எழுத ஓர் அங்குல இடம்தான் இருந்தது. அதுவும் அவருடைய தங்கை கட்டணம் கட்டிப் போட்ட விளம்பரம். ஆகவே, நல்லவர், அமைதியானவர், எல்லோரையும் மன்னித்தவர் என்று பூப்போட்டு ஒரு கட்டுரை எழுத எனக்கு மனம் இல்லை. அவர் அமைதியானவரும் இல்லை. மன்னித்தாரா என்பதும் எனக்குத் தெரியாது. நான் மன்னிக்கவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரோஸ்லின் சிஸ்டர் தெற்கே இருந்து வேலைக்காகத் தாம்பரத்துக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற உத்தியோகம். கஞ்சி போட்டு விறைத்த வெள்ளைப் புடவை, ஆண்கள் பிடிக்கிற நீளக் கறுப்புக் குடை, யாரையும் முதல் பார்வையிலேயே குற்றவாளியாக்கிவிடும் கண்கள். அழகு பற்றிய கர்வமும் கொஞ்சம் உண்டு. புடவை மடிப்புக் கலைந்தால் பிரசவ அறையிலேயே ஆயாவிடம் கண்ணாடி கேட்பார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொல்வார். எனக்குச் சொன்ன காரணம் இது: "ஒருத்தன் வந்தான் தம்பி. பாக்க நல்லாத்தான் இருந்தான். ஊசின்னா பயம்னான். எழுந்து போடான்னுட்டேன்." அது என்னைக் குத்துகிற கதை என்று புரிந்துகொண்டு நான் மேலே கேட்கவில்லை.

நான் அப்போது அவர் வேலை பார்த்த அலுவலகத்தில் குமாஸ்தா. எனக்குக் கோப்பு பார்க்க வராது, கணக்கும் வராது. குரல் மட்டும் உண்டு. மேலதிகாரி ஒருநாள், "உன் தொண்டையாவது சர்க்காருக்கு உபயோகப்படட்டும்" என்று சொல்லி, கையில் ஒரு தகரக் குழாயைக் கொடுத்து, அம்மை குத்தும் வேலைக்கு அறிவிப்பாளனாக என்னை சிஸ்டரோடு அனுப்பிவிட்டார். சைக்கிள் ரிக்ஷாவில் முன்னால் நான் குழாயோடு, பின்னால் அவர் மருந்துப் பெட்டியோடும் குடையோடும். தெருவில் பார்த்தவர்கள் ஏதோ சர்க்கஸ் வருகிறது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு கோடை. ஆட்சி மாறி, பழைய கட்சி வெளியே போய்ப் புதிய கட்சி உள்ளே வந்து, இரண்டு தரப்புக்கும் ரத்தம் சூடாக இருந்த சமயம். அடையாற்றுக்கு அக்கரையில் பெரியம்மை கண்டிருக்கிறது என்று தகவல் வந்தது. அனகாபுத்தூரில் பெரிய கிணற்றுத் தெருவை முதலில் முடித்துவிடச் சொல்லி எங்களுக்கு உத்தரவு. தெரு முழுக்கத் தறி. வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டிய சந்து. ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீட்டில் கேட்கும்.

அந்தத் தெருவுக்கு இரண்டு முனை. இரண்டு முனையிலும் ஒவ்வொரு படிப்பகம். கிழக்கு முனையில் பழைய கட்சியின் படிப்பகம், அங்கே காலைப் பத்திரிகை. மேற்கு முனையில் புதிய கட்சியின் படிப்பகம், அங்கே மாலைப் பத்திரிகை. பெயர் சொல்ல மாட்டேன். இரண்டும் இன்னும் வெளிவருகின்றன, இரண்டிலும் நான் எழுதுகிறேன், பிள்ளைகுட்டிக்காரன். காலைப் பேப்பருக்கு ரேஷன் கடை வரதராஜன் பொறுப்பு, அந்தப் பத்திரிகைக்கு உள்ளூர்ச் செய்தி அனுப்புகிறவரும் அவரே. மாலைப் பேப்பருக்குத் தறிக்காரர் கோதண்டம் பொறுப்பு, கட்சியில் வட்டச் செயலாளர். தெருவில் ஒருவர் எந்தக் கட்சி என்று தெரிய வேண்டுமானால் அவர் எந்த நேரத்தில் பேப்பர் படிக்கிறார் என்று பார்த்தால் போதும்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அம்மை ஊசிக்கு ஜனங்கள் பயப்பட்டார்கள், சாமி குத்தம் என்று ஓடினார்கள் என்று படித்தவர்கள் பேசிக்கொள்வதுண்டு. நான் பார்த்தது வேறு. அந்தத் தெருவில் முதலில் கையை நீட்டியது மாரியம்மன் கோயில் பூசாரியின் மனைவி. "அம்மன் வர்றதுக்கு முன்னாடி நான் வந்துட்டுப் போயிடறேன்மா, அவங்க ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாங்க" என்று வேதக்கார சிஸ்டர் சொன்னார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே வேப்பிலையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்கையைக் காட்டினார். சாமி கும்பிட்டவர்கள் கையை நீட்டினார்கள். பேப்பர் படித்தவர்கள்தான் மடக்கிக்கொண்டார்கள்.

அவர்கள் மடக்கிக்கொண்டதற்கு ஆரம்பம் நான். பூசாரி மனைவிக்குப் பிறகு ஆண்கள் கொஞ்சம் தயங்கினார்கள். சிஸ்டர் என்னைப் பார்த்து, "நீ வந்து நில்லு, ஆம்பிளைக்கும் வலிக்காதுன்னு காட்டு" என்றார். அதுவரை நான் எப்படியோ தப்பித்து வந்தவன். குழாயில், "பாருங்கள், நானே போட்டுக்கொள்கிறேன்" என்று முழங்கிவிட்டுக் கையை நீட்டினேன். அவர் பஞ்சால் துடைத்தார். தோலில் வைத்து வட்டமாகத் திருகி அம்மை குத்துகிற கருவியை எடுத்தார். எனக்குத் தெரு சாய்ந்தது. கண் விழித்தபோது பூசாரி மனைவி என் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். தகரக் குழாய் சாக்கடையில் கிடந்தது. "இன்னும் குத்தவே இல்லையேப்பா" என்று சிஸ்டர் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே சில ஆண்கள் வந்து கையை நீட்டினார்கள். என் மானம் போனாலும் வேலை நடந்தது.

மறுநாள் காலைப் பத்திரிகையில் வந்தது: அம்மை ஊசி, அரசு ஊழியர் நடுத்தெருவில் சுருண்டு விழுந்தார். புதிய அரசின் கையாலாகாத்தனம், கெட்டுப்போன மருந்து, மக்கள் பீதி என்று கீழே நிறைய. ஊசி என் மேல் படவே இல்லை என்பது மட்டும் அதில் வரவில்லை. நான் வரதராஜனிடம் ஓடினேன். அவர் அரிசி அளந்துகொண்டே, "ஊசி போடறதுக்கு முன்னாடியே விழுந்தான்னு போட்டா, அது நியூஸா சார்?" என்றார்.

சரி, புதிய அரசின் பத்திரிகையாவது தன் அரசு போடுகிற ஊசியைக் காப்பாற்றும் என்று நினைத்தேன். அன்று மாலை அது எழுதியது: டில்லி அனுப்பிய மருந்தில் கோளாறு, தமிழன் என்ன சோதனை எலியா? குற்றச்சாட்டை மறுக்கவில்லை. முகவரியை மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். மேற்கு முனைக்குப் போய்க் கோதண்டத்திடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "அதெல்லாம் இர்க்கட்டும் சார். நீங்க நம்ம ஆளா, அவங்க ஆளா? அத்தச் சொல்லுங்க மொதல்ல" என்றார். நான் மயங்கி விழுந்த ஆள் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

காலையும் மாலையும் எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பத்திரிகைகள். ஒன்று மழை என்றால் மற்றது வெயில் என்னும். அவை இரண்டும் என் வாழ்நாளில் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒத்துப்போயின. கையை நீட்டாதே. ஒன்று, அது மாநிலத்தின் ஊசி என்பதால். மற்றது, அது டில்லியின் ஊசி என்பதால். இந்த ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது என்பதை எந்தப் பேப்பரும் எழுதவில்லை, அதை டீக்கடை சேர்த்துக்கொண்டது. ஒரு வாரத்தில் பெரிய கிணற்றுத் தெருவில் எங்கள் ரிக்ஷாவைக் கண்டால் கதவுகள் சாத்திக்கொண்டன. அம்மைக்குக் கட்சி இல்லை என்று நான் குழாயில் கத்தினேன். கிழக்கு முனையில் என்னை மேற்குக்காரன் என்றார்கள். மேற்கு முனையில் என்னைக் கிழக்குக்காரன் என்றார்கள்.

சிஸ்டருக்கு அந்தத் தெருவில் ஒரு பிள்ளை மேல் உயிர். ஏழுமலை என்ற நெசவாளியின் மகள், தேன்மொழி, மூன்று வயது. பிறந்தபோது மூச்சு விடாமல் நீலம் பாரித்துக் கிடந்தவளைக் கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, முதுகில் தட்டி அழவைத்தவர் சிஸ்டர். "என் மூஞ்சியப் பாத்துப் பயந்து அழுத முதல் ஆளு" என்று கொஞ்சுவார். நோஞ்சான் பிள்ளை. அடுத்த மாதம் பார்க்கலாம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று அவளுக்கு அம்மை குத்துவது தள்ளிக்கொண்டே போய்விட்டது. தெருவில் யார் கையை மடக்கினாலும் இந்த ஒரு பிள்ளைக்குப் போட்டுவிட வேண்டும் என்று அந்தக் கோடையில் சிஸ்டர் எத்தனையோ முறை அவள் வீட்டுச் சந்துக்குள் போய் வந்தார்.

ஏழுமலை கெட்டவர் இல்லை. குடி இல்லை, அடி இல்லை. ஒரே பலவீனம் மாலைப் பத்திரிகை. எழுத்துக்கூட்டிப் படிக்கக் கட்சிப் படிப்பகத்தில்தான் கற்றார். சாயங்காலம் தறியை விட்டு எழுந்தால் படிப்பகத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவார். பிள்ளைக்குத் தேன்மொழி என்று பெயர் வைத்ததே கோதண்டம்தான். அப்படிப்பட்டவரிடம் போய், பேப்பரில் வந்தது பொய் என்று ஒரு நர்ஸம்மா சொன்னால் எப்படி இருக்கும்? அவருக்குப் படிப்புச் சொல்லிக்கொடுத்ததே பொய் என்று சொன்னது மாதிரி.

இதற்கிடையில் தெருவில் ஒரு விசித்திரம் நடந்தது. கத்திரி வெயில். தார் ரோடு செருப்பில் ஒட்டுகிறது. இரண்டு கட்சித் தலைவர்களும் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தார்கள். கை மடிப்பை மேலே சுருட்டிவிடாமல், மணிக்கட்டு வரை இறக்கி, பொத்தான் போட்டு. முதலில் கோதண்டம். பிறகு அவர் தம்பி. நாலைந்து நாளில் கிழக்கு முனையில் வரதராஜன். வியர்வையில் சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது, ஆனால் ஒருவரும் பொத்தானைக் கழற்றவில்லை. டில்லி பாணியா, புது நாகரிகமா என்று நான் குழம்பிக்கொண்டிருந்தேன். ஒரு விடியற்காலை, பால்காரர் வருகிற நேரத்தில், சிஸ்டர் ஊசி போடுகிற தாய் சேய் நிலையத்துக்கு மருந்துக்கான ஐஸ் கொண்டுபோனபோதுதான் விஷயம் புரிந்தது. பின்வாசல் வழியாகக் கோதண்டத்தின் மனைவி பிள்ளைகளோடு வெளியே வந்துகொண்டிருந்தாள். பின்னால் கோதண்டம், பிள்ளைகளின் கையைத் துண்டால் மூடியபடி. எங்கள் பக்கம் முன்கையில்தான் குத்துவார்கள். அரைக்கைச் சட்டை போட்டால் புண் தெரியும்.

இரண்டு கட்சிகளும் அந்தக் கோடையில் சந்தித்துக்கொண்ட ஒரே இடம் அந்தப் பின்வாசல்தான். வரதராஜனும் குடும்பத்தோடு அதே வழியாக வந்து, அதே வழியாகப் போய், கடையைத் திறந்து உட்கார்ந்து, கெட்டுப்போன மருந்து பற்றி அடுத்த செய்தியை எழுதினார். படிப்பகத்தில் அன்று மாலையும் ஏழுமலை உரக்கப் படித்தார். கோதண்டம் எதிரில் உட்கார்ந்து, மணிக்கட்டுப் பொத்தானோடு, தலையாட்டினார்.

நான் சிஸ்டரிடம் குதித்தேன். குழாயை எடுத்துக்கொண்டு தெரு நடுவில் நின்று, உங்கள் தலைவர்களின் சட்டையைக் கழற்றிப் பாருங்கள் என்று ஒரு தடவை கத்தினால் போதும், தெருவே வந்துவிடும் என்றேன். அவர் கஞ்சிப் புடவையின் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "என் பின்வாசல்ல வர்றவங்க பேரு என் முன்வாசலுக்குத் தெரியாது தம்பி. தெரிஞ்சுதுன்னா நாளைக்கு எவன் வருவான்?" அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தலைவர்களுக்குப் பிறகு அவர்களுடைய மச்சான், மச்சானின் அக்கா என்று அந்த வழியாக ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். வாயைத் திறந்தால் வேலையை விட்டே அனுப்பிவிடுவேன் என்று என்னை மிரட்டினார். எனக்கும் அது வசதியாக இருந்தது. கோதண்டம் நினைத்தால் என்னை எந்த ஊருக்கும் மாற்றலாம்.

பிறகு ஒரு பகலில் சரோஜா வந்தாள். ஏழுமலையின் மனைவி. இடுப்பில் தேன்மொழி. நிலையத்தின் கேட்டுக்கு வெளியே நின்றாள், உள்ளே கால் வைக்கவில்லை.

"வா, உள்ள வந்து உக்காரு" என்றார் சிஸ்டர்.

"வர முடியாது சிஸ்டர். ஊசி போட மாட்டேன்னு பிள்ள தலைல அடிச்சி சத்தியம் வாங்கிக்கினாரு. போட்டா வேற எதனா ஆயிடும்னு பயமா கீது. போடாங்காட்டியும் பயமா கீது. அதான் சும்மா வந்து நின்னேன்."

"நான் வந்து அவர்கிட்ட பேசறேன்."

"நீங்க பேசினா வூட்டாண்ட சண்டதான் சிஸ்டர். தலைவரே வேணாம்னு சொல்லிக்கினு கீறாருன்றாரு. தலைவருக்கு மட்டும் புள்ள இல்லியான்றாரு."

நான் சிஸ்டரைப் பார்த்தேன். தலைவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் கையில் அந்த நேரம் புண் காய்ந்துகொண்டிருந்தது. அந்த ஒரு வார்த்தை போதும். சிஸ்டரின் உதடு அசைந்தது. பிறகு மூடிக்கொண்டது. கேட்டின் கம்பி இடுக்கில் கையை விட்டுப் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டார், அவ்வளவுதான். சரோஜா கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள்.

அன்று அவரிடம் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. உங்கள் கொள்கையும் நீங்களும் என்று ஆரம்பித்தேன். அவர், "போய் உன் வேலையப் பாரு" என்று மட்டும் சொன்னார்.

ஒரு கல்யாணத்துக்காக வெளியூரிலிருந்து வந்தவர் காய்ச்சலோடு வந்து, அந்தச் சந்தில் ஒரு வீட்டில் படுத்தார். அங்கிருந்து மூன்றாவது வீடு ஏழுமலையுடையது. தேன்மொழிக்கு முத்துப் போட்டதும் சிஸ்டர் அங்கேயே போய் உட்கார்ந்துவிட்டார். ஏழுமலை அவரைத் தடுக்கவில்லை. வேப்பிலைப் படுக்கைக்குப் பக்கத்தில், கஞ்சி கலைந்த புடவையோடு, கண்ணாடி கேட்காமல், அந்த அம்மாள் இருந்தார். பிள்ளைக்குக் கண் திறக்க முடியவில்லை. வாய்க்குள்ளும் முத்து. தண்ணீர் இறங்கவில்லை. அவள் போன அன்று சிஸ்டர்தான் அவளைத் துடைத்துத் துணி சுற்றினார், பிறந்த அன்று துடைத்துச் சுற்றியது மாதிரியே. என்னை வெளியே நிற்கச் சொன்னார். தறிச் சத்தம் இல்லாமல் அந்தத் தெருவை நான் அன்றுதான் கேட்டேன்.

அடுத்த வாரம் காலைப் பத்திரிகை எழுதியது: ஆளுங்கட்சியின் அலட்சியத்தால் அம்மை பரவுகிறது, தடுப்பூசி எங்கே? அதே பத்திரிகை. அதே வரதராஜன். உடனே மேலிடத்திலிருந்து கோதண்டத்துக்கு உத்தரவு வந்தது. கட்சிக்காரர்கள் முன்னின்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், படம் எடுக்க வேண்டும்.

பந்தல் போட்டார்கள். மாலைப் பத்திரிகையின் போட்டோக்காரர் வந்தார். கோதண்டம் மாலையோடு நாற்காலியில் உட்கார்ந்து, வலது கைச் சட்டையைச் சுருட்டினார். சிஸ்டர் எப்போதும் இடது கையில் குத்துகிறவர்.

"இந்தக் கையா?" என்றார்.

"இந்தக் கைதான் சிஸ்டர்" என்றார் கோதண்டம், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

சிஸ்டர் பஞ்சால் துடைத்தார். குத்தினார். அவர் அன்று திருகினது போல யாருக்கும் திருகிப் பார்த்ததில்லை நான். கோதண்டத்தின் முகம் கோணிப் போயிற்று. பத்திரிகையில் அது புன்னகையாக விழுந்திருக்கிறது. தெருவே அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றது. வரிசையில் இரண்டாவது ஆள் ஏழுமலை. மொட்டையடித்திருந்தார். கையை நீட்டிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றே எனக்கும் போட்டார். கருவியைப் பார்த்ததும் வழக்கம்போல் நான் விழுந்தேன். விழுந்த நிலையிலேயே போட்டு முடித்துவிட்டார்.

வழிகாட்டினார் வட்டச் செயலாளர் என்று மாலைப் பத்திரிகை. எமது செய்தி எதிரொலி, அரசு பணிந்தது என்று காலைப் பத்திரிகை. இரண்டுக்கும் வெற்றி. தேன்மொழி என்ற பெயரை இரண்டுமே அச்சடிக்கவில்லை. கோதண்டம் வைத்த பெயர்தானே, அவர் பத்திரிகையாவது போட்டிருக்கலாம். இத்தனை வருஷம் கழித்து இந்தக் கட்டுரையில்தான் அது அச்சேறுகிறது. தேன்மொழி, தகப்பனார் பெயர் ஏழுமலை, பெரிய கிணற்றுத் தெரு. அச்சுக்கோப்பவர் தயவுசெய்து இந்த வரியை இடம் போதவில்லை என்று வெட்டிவிட வேண்டாம்.

பொய்யை நம்பி எழுதினவன் மேல் எனக்கு இவ்வளவு கோபம் வராது. முட்டாள் என்று விட்டுவிடலாம். இவர்கள் நம்பவில்லை. தங்கள் பிள்ளைகளுக்கு ஊசி, அடுத்தவன் பிள்ளைக்குத் தலையங்கம்.

சிஸ்டர் ஓய்வு பெற்ற பிறகு, கிறிஸ்துமஸ் தோறும் நான் கிழக்குத் தாம்பரம் வீட்டுக்குப் போவேன். கல் மாதிரி ஒரு கேக் தருவார். பல் போனால் நான் பொறுப்பில்லை என்பார். ஒரு தடவை துணிந்து கேட்டேன். "அன்னைக்குக் கேட்டாண்ட வச்சு சரோஜாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சிஸ்டர்?" அவர் கேக் வெட்டுவதை நிறுத்தவில்லை. "சொன்னா நம்பியிருப்பாங்கன்னா நினைக்கிறே?" என்றார். அது சாக்கு என்று நான் நினைத்தேன். இறந்தவரைப் பற்றி இப்படி எழுதக் கூடாதுதான். ஆனால் அவரிடம் எனக்கிருந்த ஒரே கோபம் அது. நேர்மைக்காரர்களின் மௌனத்தை அயோக்கியர்கள் எவ்வளவு சௌகரியமாகப் போர்த்திக்கொள்கிறார்கள் என்று அன்று முதல் நினைத்துவருகிறேன்.

அடக்கத்துக்குக் கோதண்டம் காரில் வந்தார். இப்போது பெரிய பதவி. மலர்வளையத்தை வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே நாலு வார்த்தை பேசினார். "அம்மா அந்தத் தெருவுக்கு வந்தப்போ, எங்க கட்சியிலே முதல்ல கையை நீட்டினவன் நான்" என்றார். எனக்கு வாய்வரை வந்துவிட்டது. ஆனால் என்ன சொல்வது? கணக்குப் பார்த்தால் அது நிஜம். பின்வாசலாக இருந்தாலும் அவர் கட்சியில் முதல் கை அவருடையதுதான்.

அவர் கார் போன பிறகு மண் தள்ளினார்கள். அனகாபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்த ஆண்களும் பெண்களும் குனிந்து கைப்பிடி மண்ணை அள்ளினார்கள். நல்ல வெயில். சட்டைக் கைகள் சுருட்டியிருந்தன. குழிக்கு மேல் நீண்ட முன்கைகளில் வட்ட வட்டமாகத் தழும்பு. ஒவ்வொன்றும் அவர் போட்டது. சிஸ்டர், நான் இதற்கு முன் உங்களிடம் ஒரு தடவையும் நேராக நன்றி சொன்னதில்லை. உங்கள் எதிரில் நிமிர்ந்து நின்றதே குறைவு. இப்போது நிற்கிறேன். போய் வாருங்கள்.

இதுவரை எழுதி, தபாலில் போடுவதற்காக மடித்து வைத்திருந்தேன். நேற்றுப் பல்லாவரம் பஸ் ஸ்டாண்டில் ஏழுமலையைப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. கக்கத்தில் மாலைப் பத்திரிகை. இனி எதற்கு ஒளிப்பது என்று, பின்வாசலையும் முழுக்கைச் சட்டையையும் அவரிடம் சொன்னேன். அவர் அதிரவில்லை.

"தெரியும் சார்" என்றார். "சரோஜா கேட்டாண்ட போய் நின்னுச்சே, அன்னைக்கு சாயங்காலமே சிஸ்டர் என் தறியாண்ட வந்து எல்லாத்தையும் சொன்னாங்க. தலைவர் வூட்டுப் பசங்களுக்குப் போட்டது, அவருக்குப் போட்டது, எல்லாம். நான்தான் நம்பல. பேப்பர்ல வரலியே சார்."